தொங்கும் வயிற்றுத் தோலுக்கு ஆபரேஷனா? கொஞ்சம் பொறுங்கள்

தோழி, இரண்டாவது பிரசவம் முடிந்து 8 மாதம், பாவாடை நாடாவுக்கு மேல் தோல் மடிந்து தொங்குகிறது, 'டம்மி டக்' (உபரித் தோலை வெட்டியெடுத்து வயிற்றை இறுக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பால் கொடுக்கிறீர்கள் என்றால் இப்போது வேண்டாம். நிறுத்திச் சில மாதம் போகட்டும், எடையும் ஒரு நிலைக்கு வரட்டும். மூன்றாவது குழந்தை எண்ணம் துளி இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி தளர்ந்துவிடும்.

முதலில் ஒன்று பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேல், நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் தசை விலகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபி பலருக்கு உதவும். உபரித் தோலை பெல்ட்டோ க்ரீமோ ஒன்றும் செய்யாது (நானும் காசைக் கொட்டியவள்தான்).

ஆபரேஷன் செய்வதென்றால், தழும்பு இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வரும். நான் முதல் வாரம் கூனிக்கொண்டுதான் நடந்தேன். 6 வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்கள். 2 வயது மகன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். தையலைவிட அதுதான் வலித்தது. வீட்டில் கூட ஆள் இருக்கிறார்களா? அழகுக்கான சிகிச்சை என்பதால் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. அப்புறம், டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். (அறுவை சிகிச்சையில் உயர்சிறப்புப் பட்டம்) முடித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.