மரக் கார்னிஸ் மூலையில் சேரவில்லையா? 45-ஐ நம்பாமல் மூலையை அளந்து பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் பழைய ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். தீபாவளிக்குள் ஹாலில் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் மெராந்தி மரக் கார்னிஸ் வைக்க ஆசை. அகலம் 80 மில்லிமீட்டர் இருக்கும். 10 அங்குல மைட்டர் ரம்பம் (கோணம் வைத்து வெட்டும் மின்ரம்பம்) ஒன்றை மச்சானிடம் இரவல் வாங்கி, கார்னிஸைத் தட்டையாகப் படுக்க வைத்து 45 டிகிரியில் வெட்டினேன். மூலையில் வைத்துப் பார்த்தால் கீழ் ஓரம் இடிக்கிறது, மேலே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மூன்று துண்டு வீண். ஹாலில் ஒரு தூண் வேறு துருத்திக்கொண்டு நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: வணக்கம். உங்கள் கையிலும் ரம்பத்திலும் தப்பு இல்லை. கார்னிஸ் சுவரில் சாய்ந்து உட்காருகிற பொருள். அதைப் படுக்க வைத்து வெட்டியதுதான் காரணம்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். மேலும் கீழும் இரண்டு குறுகலான பட்டைகள் சீவப்பட்டிருக்கும். ஒன்று சுவரில் உட்காரும், இன்னொன்று சீலிங்கில் உட்காரும். நடுவில் முக்கோணமாக வெற்றிடம் இருக்கும். இப்போது தச்சு மட்டத்தின், அதாவது எல் வடிவ இரும்பு மட்டத்தின், உள்பக்கத்தில் அந்த இரண்டு பட்டைகளும் ஒட்டி உட்காரும்படி துண்டை வையுங்கள். சுவர்ப் பக்கம் எவ்வளவு இறங்குகிறது, சீலிங் பக்கம் எவ்வளவு நீள்கிறது என்று இரண்டு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கார்னிஸ் சுவரிலிருந்து 45 டிகிரி சாய்ந்து நிற்கிறது. சுவரில் 64 மி.மீ, சீலிங்கில் 50 மி.மீ என்பது போல வந்தால் அது 38 டிகிரி வகை. சந்தையில் அதிகம் கிடைப்பவை இந்த இரண்டும்தான். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் நீங்களே அளந்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

உங்களுடையது 64-க்கு 50 என்றே வைத்துக்கொள்வோம். உள்மூலையில் கார்னிஸின் கீழ் ஓரம் சுவரை ஒட்டி மூலை வரைக்கும் போகும். மேல் ஓரம் சுவரிலிருந்து 50 மி.மீ தள்ளி நிற்பதால், அது மூலைக்கு 50 மி.மீ முன்பே முடிய வேண்டும். நீங்கள் படுக்க வைத்து 45-இல் வெட்டியபோது என்ன ஆனது? முழு அகலமான 81 மி.மீ அளவுக்கு மேல் ஓரம் பின்வாங்கிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் 31 மி.மீ கூடுதலாகப் போய்விட்டது. நீங்கள் பார்த்த இடைவெளி அதுதான்.

அந்த மூன்று துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். சோதனைத் துண்டுக்கு அவை வேண்டும்.

சரி, எப்படி வெட்டுவது? ரம்பத்தின் மேசையைச் சீலிங்காகவும், பின்தடுப்பைச் சுவராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கார்னிஸைத் தலைகீழாகப் பிடித்து, சீலிங்கில் உட்காரும் பட்டை மேசையிலும் சுவரில் உட்காரும் பட்டை பின்தடுப்பிலும் ஒட்டும்படி சாய்த்து வையுங்கள். வீட்டில் எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில் ரம்பத்திலும் நிற்கும். இனி பிளேடைச் சாய்க்கிற வேலையே இல்லை. ரம்பத்தின் அடியில் பிளேடோடு சேர்ந்து திரும்பும் தட்டை மட்டும் திருப்பினால் போதும், சரியான செங்கோண மூலைக்கு அதே பழைய 45 வேலை செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் துண்டு ஒரே சாய்வில் உட்கார வேண்டும். இரண்டு மி.மீ நழுவினாலும் கோணம் மாறிவிடும். பின்தடுப்பிலிருந்து சரியாக 50 மி.மீ தள்ளி மேசையில் கோடு போட்டு, அந்த இடத்தில் மெல்லிய ரீப்பர் கட்டை ஒன்றை இறுக்கிவிடுங்கள். கார்னிஸின் ஓரம் அதில் முட்டி நிற்கும், கை நடுங்கினாலும் நகராது. பிளேடு போகிற பாதையில் மட்டும் கட்டை குறுக்கே வராமல் இரண்டு துண்டாக வையுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எல்லோருக்கும் தலை சுற்றும், ஏனென்றால் தலைகீழாக வைத்ததும் இடது வலதாகிவிடுகிறது. மூலையை நேராகப் பார்த்து நில்லுங்கள். உள்மூலையின் இடது கைச் சுவருக்கான துண்டு என்றால், ரம்பத்தின் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி வெட்டி, பிளேடுக்கு வலப்புறம் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். வலது கைச் சுவருக்குக் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி, இடப்புறத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். தூணில் இருக்கிற வெளிமூலைக்குத் திருப்பும் திசை மட்டும் எதிராகும்: இடப்பக்கத் துண்டுக்குக் கைப்பிடி இடப்பக்கம், வலப்பக்கத் துண்டுக்கு வலப்பக்கம். வைத்துக்கொள்ளும் பகுதி அதேதான், மாறாது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சாண் நீளத்தில் மாதிரித் துண்டு வெட்டி, பின்னால் பென்சிலில் ‘உள் இடது’, ‘வெளி வலது’ என்று எழுதி ரம்பத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நீளமான மரத்தில் கை வைக்கும்போது குழப்பம் வராது.

நீளத்தை அளக்க ஒரே விதி போதும். சுவரில் டேப் வைத்து எடுக்கும் அளவு, உள்மூலையோ வெளிமூலையோ, எப்போதும் கார்னிஸின் கீழ் ஓரத்தின் அளவு. மேல் ஓரத்தை அளக்கவே வேண்டாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் வீட்டு மூலை 90 டிகிரி என்று யார் சொன்னது? செங்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு, அதன் மேல் எத்தனையோ கை பெயின்ட். பூசுகிறவர் கரணையை மூலையில் திருப்பும்போது கொஞ்சம் சிமெண்ட் அங்கே தேங்கிவிடும். பழைய வீட்டில் 88, 92 என்று வருவது சர்வ சாதாரணம். கோணமானி வாங்கி அளக்கலாம், நல்லதுதான். ஆனால் டேப் இருந்தாலே போதும். கார்னிஸின் கீழ் ஓரம் வரப்போகிற உயரத்தில், மூலையிலிருந்து ஒரு சுவரில் 600 மி.மீ, அடுத்த சுவரில் 800 மி.மீ குறியுங்கள். ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு டேப்பைக் குறுக்கே இழுத்துப் பிடியுங்கள். சரியாக 1000 வந்தால் செங்கோணம். 1008 வந்தால் 91 டிகிரி. 983 வந்தால் 88 டிகிரி. டிகிரி ஒன்றுக்கு ஏறக்குறைய 8 மி.மீ கூடும் அல்லது குறையும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம்.

அளந்த கோணத்தை ரம்பத்தில் வைக்கும்போது பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. மூலை 92 டிகிரி, அதில் பாதி 46, ஆகவே ரம்பத்தில் 46 என்று வைத்துவிடுவார்கள். ரம்பத்தின் அளவுகோலில் பூஜ்யம் என்பது நேர் வெட்டு. அதனால் 90-இலிருந்து அந்தப் பாதியைக் கழிக்க வேண்டும். 92 டிகிரி மூலைக்கு 44, 88 டிகிரி மூலைக்கு 46. தலைகீழாக வைத்துவிட்டால் சரிசெய்யப் போய்ப் பிழை இரட்டிப்பாகும்.

டேப் சொல்வது அறையின் கோணம். கார்னிஸ் உட்காரப்போவதோ மூலையின் முதல் சில அங்குலத்தில். அங்கே சிமெண்ட் புடைப்பு இருந்தால் உளி முனையால் சுரண்டிவிட்டு, இரண்டு சோதனைத் துண்டுகளை மூலையில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் திறந்தால் ரம்பத்தில் அரை டிகிரி குறையுங்கள், பின்பக்கம் திறந்தால் அரை டிகிரி கூட்டுங்கள். இது உள்மூலைக்கு. தூண் மூலையில் இதுவே எதிர்மாறு.

இத்தனையும் சொன்ன பிறகு, உள்மூலைகளுக்கு நான் சிபாரிசு செய்வது வேறு வழி. இரண்டு துண்டையும் 45-இல் சேர்க்காதீர்கள். முதல் துண்டை நேராக வெட்டி மூலை வரைக்கும் முட்ட விடுங்கள். அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி கோப்பிங் ரம்பத்தால் (மெல்லிய பிளேடு உள்ள கைரம்பம்) செதுக்கி அதன் மேல் அணையுங்கள். கைதேர்ந்த ஆசாரிகள் இதைத்தான் செய்வார்கள். மூலை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் இந்த இணைப்பு காட்டிக்கொடுக்காது. நம் ஊர் ஈரக் காற்றில் மரம் ஊதிச் சுருங்கும்போதும் இரண்டு துண்டையும் 45-இல் சேர்த்த மைட்டர் மூலை போல வாயைப் பிளக்காது.

செய்முறை இப்படி. இரண்டாவது துண்டை முதலில் மேலே சொன்னபடி உள்மூலைக்கு 45-இல் வெட்டுங்கள். வெட்டிய முகமும் வர்ணமடிக்கும் முன்முகமும் சந்திக்கிற விளிம்பில், கார்னிஸின் வளைவு அப்படியே ஒரு கோடாகத் தெரியும். பென்சிலைப் படுக்க வைத்து அந்த விளிம்பின் மேல் தேய்த்தால் கோடு கறுப்பாக எழும். துண்டை மேசையில் இறுக்கிவிட்டு, அந்தக் கோட்டை ஒட்டி, கோட்டைத் தின்றுவிடாமல் அறுங்கள். ரம்பத்தை நன்றாகப் பின்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பின்னால் இருக்கிற மரம் முழுக்கப் போய், முன் விளிம்பு மட்டும் கத்தி முனை மாதிரி நிற்க வேண்டும். சாய்வாக உட்காரும் கார்னிஸுக்கு, சுவரின் அடியில் நேராக நிற்கும் தரைப் பட்டைக்குச் சாய்ப்பதைவிட அதிகமாகவே சாய்க்க வேண்டியிருக்கும். வளைவு திரும்பும் இடத்தில் பிளேடு சிக்கினால் மல்லுக்கட்டாமல் வெளியே எடுத்து, வேறு பக்கத்திலிருந்து உள்ளே வாருங்கள். பிறகு உருண்டை அரம், அரைவட்ட அரம். சோதனைத் துண்டின் மேல் வைத்துப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் தேயுங்கள். முதல் முனைக்கு அரை மணி நேரம் பிடித்தாலும் பிடிக்கும். நான்காவது முனைக்குள் கை பழகிவிடும்.

வாசலிலிருந்து உள்ளே வருபவர் நேராகப் பார்க்கும் சுவரில் முதல் துண்டை வையுங்கள், இரண்டு முனையும் நேர் வெட்டு. பக்கச் சுவர்த் துண்டுகளைச் செதுக்கி அதில் அணைத்தால், மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாசலிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. செதுக்கிய துண்டின் நீளத்தை 1 மி.மீ கூட்டியே வெட்டுங்கள். நடுவில் லேசாக வளைத்து உள்ளே தள்ளினால் முனை இறுகிக்கொள்ளும்.

தூணுக்கு வேறு வழியில்லை, வெளிமூலை மைட்டர்தான். அங்கே கோணத்தை அளக்காமல் வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டிய முகங்கள் இரண்டிலும் மரப்பசை தடவி முதலில் மூலையைச் சேர்த்து, அப்புறம் சுவரில் இறுக்குங்கள். நூலிழை போலத் திறந்திருந்தால், பசை காய்வதற்குள் ஸ்குரூடிரைவரின் இரும்புத் தண்டால் விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்தித் தேயுங்கள், மர இழை மடங்கி மூடிக்கொள்ளும்.

ஒருநாள் 150 மி.மீ அகலக் கார்னிஸ் வாங்கினால் அது இந்த ரம்பத்தில் நிமிர்ந்து நிற்காமல் போகலாம். அப்போது படுக்க வைத்துத்தான் வெட்ட வேண்டும், தட்டையும் திருப்பி பிளேடையும் சாய்க்க வேண்டும். செங்கோண மூலையில் 38 டிகிரி வகைக்குத் தட்டு 31.6, பிளேடு 33.9. 45 டிகிரி வகைக்குத் தட்டு 35.3, பிளேடு 30. மூலை 92 ஆகிவிட்டால் 38 வகைக்கு 30.7, 33.2 என்று இரண்டுமே மாறும். அதனால்தான் முடிந்தவரை நிமிர்த்தி வெட்டச் சொல்கிறேன்.

வெட்டும்போது பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளியே கை இருக்கட்டும். பிளேடு நின்ற பிறகுதான் மேலே தூக்க வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் பிடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். செங்கல் சுவரில் கார்னிஸை நேரே ஆணியடித்தால் பூச்சுதான் பெயரும். கார்னிஸின் பின்னால் இருக்கிற வெற்றிடத்துக்குப் பொருந்துகிற முக்கோணக் கட்டைகளை 500 மி.மீ-க்கு ஒன்றாகச் சுவரில் பிளக் வைத்து ஸ்குரூ போடுங்கள். கார்னிஸை அந்தக் கட்டைகளில் ஆணியடியுங்கள். பழைய வீட்டுச் சீலிங் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், அதைத் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். சீலிங் நடுவில் தொய்ந்திருந்தால் அதோடு சேர்ந்து கார்னிஸும் வளைய வேண்டியதில்லை. மட்டம் வைத்துச் சுவரில் கோடு போட்டு, கீழ் ஓரத்தை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள்.

மரம் பற்றியும் ஒரு வார்த்தை. மெராந்தி நல்ல தேர்வு, அறுக்க இதமாக இருக்கும். கடையில் பால்மரக் கார்னிஸும் காட்டுவார்கள். பால்வெட்டு நின்ற பிறகு சாயும் ரப்பர் மரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும்தான் போனது. இன்று நாற்காலி மேசையாகி நாடு நாடாகப் போகிறது. தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு அந்த மரத்தை வீட்டில் வைப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பச்சையாக விட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். எந்த மரமானாலும் வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் அந்த ஹாலிலேயே படுக்க வைத்திருங்கள். பின்பக்கத்துக்கும் வெட்டிய முனைகளுக்கும் ஒரு கை பிரைமர் அடித்த பிறகே சுவரில் ஏற்றுங்கள்.

மேல் ஓரத்தில் மிஞ்சும் இடைவெளிக்கு அக்ரிலிக் சீலண்ட் வாங்குங்கள். சாதாரண சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, மறுநாள் பெயின்ட் அடிக்கலாம்.