முப்பதாயிரம் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: கல்லூரி போகும் மகளுக்கு கூகுளின் பிக்சல் 9ஏ போன் வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். அவளோ ஐபோன் 16தான் வேண்டும் என்கிறாள். என்ன செய்யட்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக 9ஏ வாங்குங்கள். அறிமுக விலை 49,999 ரூபாய். ஐபோன் 16 அறிமுகமானபோது 79,900. இத்தனைக்கும் ஐபோனின் திரை 60 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்), 9ஏவில் 120. 9ஏவின் பேட்டரி கொள்ளளவு 5,100 எம்ஏஎச். ஏழு வருடம் அப்டேட் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் ஓடும். என் அம்மாவிடம் இந்த போன்தான் இருக்கிறது. தேர்த் திருவிழா இரவில் அவர் எடுத்த படங்களைப் பார்த்து அசந்துபோனேன்! வீடியோ மட்டும் ஐபோனில்தான் நன்றாக வரும். மகள் நிறைய வீடியோ எடுப்பவரா என்று கேளுங்கள். அப்புறம், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள்.