மறைந்துபோகும் குரல்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக சீரியலில் உதவி இயக்குநராக இருக்கிறேன். வேலை என்றால் பெரும்பாலும் ப்ராம்ப்டிங்தான்; டேக்கின்போது நடிகர்களுக்கு வசனத்தை எடுத்துக்கொடுப்பது. எங்கள் தொடரில் இதுவரை மூன்று இயக்குநர்கள் மாறிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. டிவி இயக்குநருக்குத் தன் படைப்பு என்று ஒன்று உண்டா? சினிமாவுக்கு மேலே போய்விடலாமா, இல்லை காசு புரட்டித் தயாரிப்பாளராகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த 'மேலே'யை அடித்துவிடுங்கள். 1965-இலிருந்து படம் எடுத்துவந்த கே. பாலசந்தர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிவிக்கு 'ரயில் சிநேகம்' தொடர் செய்தார். கீழே இறங்கியா வந்தார்? அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம் 'மர்மதேசம்' தொடரைத் தயாரித்தபோது அதன் முதல் பகுதிகளை இயக்கியது நாகா. இன்றும் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தால் கதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனோடு நாகா பெயரும் வருகிறது. தயாரிப்பாளராகும் யோசனை வேண்டாம். சேனலில் ஒளிபரப்பு ஸ்லாட் வாங்கிவிட்டு விளம்பர நேரத்தை விற்க அலைந்து, நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது 'ப்ராம்ப்டிங்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தான்' மேல்.

சில காலம் நானும் ஒரு வாரத் தொடருக்கு வசனம் எழுதினேன். கேமராவுக்குப் பக்கத்தில் வசனம் எழுதிய பேடோடு ஒரு பையன் குந்தியிருப்பான். மாமியாருக்கும் மருமகளுக்கும் வக்கீலுக்கும் அவனே குரல் கொடுப்பான். நடிகை அவன் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். அப்புறம் டப்பிங்கில் அவன் குரல் போய்விடும். ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "சார், கோவிச்சுக்காதீங்க. இந்த டயலாக்ல பாதியிலயே அவங்க கண்ணு என் பக்கம் வந்துடுது. க்ளோஸப்ல காட்டிக்கொடுத்துடும்" என்றான். நான் எழுதியிருந்தது: "இந்த வீட்டில் நான் சிந்திய கண்ணீருக்குக் கணக்கு வைத்திருந்தால் அது உங்கள் சொத்தையெல்லாம் மிஞ்சியிருக்கும்." அவன் சொன்னது: "அழுததுக்குக் கணக்கு வெச்சிருந்தா, நான்தான் இந்த வீட்டுக்கு முதலாளி." முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சரி என்றேன். ஒரே டேக்கில் ஓகே.

வசனம் எங்கே மூச்சு முட்டுகிறது, நடிகருக்கு எந்தச் சொல் வாயில் நிற்காது, எந்த இடத்தில் கண் தேடும் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்த அளவு மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநருக்குத் தெரியாது. எழுதிய எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இந்தப் பாடத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆறு வருடம் படித்திருக்கிறீர்கள், ஐயா. அதற்கு ஒப்பாரி வேறா?

மூன்று இயக்குநர்கள் மாறியது யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்கள். வீட்டில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உண்மைதான். உங்களுக்குத் தெரிந்ததா? மூவரில் யார் நடிகைக்கு மூச்சு விட இடம் கொடுத்தார்? அதைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

சினிமாவுக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். அடுத்த கடிதத்தில் உங்கள் பேடிலிருந்து ஒரு பக்கம் அனுப்புங்கள். வசனகர்த்தா எழுதியதும் நீங்கள் வாய்விட்டுச் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.