சதுரம் ஏன்க்கா அசையுது? கலர் பிரிண்ட் பத்தி கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸோட ஸ்கிரீன் பிரிண்ட் ஒண்ணு பார்த்தேன். சதுரத்துக்குள்ள சதுரம், அவ்ளோதான். ஆனா நடு சதுரம் ஒரு நேரம் முன்னாடி வருது, ஒரு நேரம் உள்ள போகுது. எப்படி?

பதில்: அது ஹோமேஜ் டு தி ஸ்கொயர்ங்கற பட வரிசைப்பா, 1950ல ஆரம்பிச்சு 1976ல சாகற வரைக்கும் மனுஷன் அதை விடவே இல்ல. ஸ்கேல் வச்சு அளந்து பாரு, சதுரங்க நட்ட நடுவுல இருக்காது, கீழ ஒரு பங்கு இடம்னா பக்கத்துல ரெண்டு, மேல மூணு. அதனால ஒரு ரூமுக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும், ஆனா நடுவுல பளிச்னு மஞ்ச இருந்தா அது நம்ம பக்கம் வரும், ரெண்டும் மாறி மாறி இழுக்கறதால கண்ணு ஒரு முடிவுக்கே வராது.

கேள்வி: ஒரே கலர் ரெண்டு இடத்துல வேற வேறயா தெரியுமாமே மேடம், நம்ப முடியல.

பதில்: செஞ்சு பாத்துட்டு நம்புங்க. ஒரே சாம்பல் பேப்பர்ல ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ண கறுப்பு அட்டை மேலயும் இன்னொண்ண வெள்ளை அட்டை மேலயும் வைங்க. கறுப்பு மேல வெளுத்துத் தெரியும், வெள்ளை மேல கருத்துத் தெரியும். ஆல்பர்ஸும் பாடம் எடுக்கறப்ப மாணவர்களுக்குப் பெயிண்ட விட கலர் பேப்பர்தான் குடுப்பாரு.

கேள்வி: சிவப்பும் பச்சையும் ஒட்டுற ஓரம் துடிக்குதே?

பதில்: கலர் எதிரெதிர், ஆனா வெளிச்சம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஓரம் எங்கன்னு மூளை பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்த வச்சுதான் பிடிக்குது, அது இல்லன்னா கோடு ஒரு இடத்துல நிக்காது. போட்டோ எடுத்து பிளாக் அண்ட் வைட் ஆக்குங்க, ரெண்டும் ஒரே சாம்பலா வந்தா அதான் காரணம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ரிச்சர்ட் அனுஷ்கேவிச், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில ஆல்பர்ஸ்கிட்ட படிச்ச ஓவியர். 1965ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல நடந்த தி ரெஸ்பான்சிவ் ஐ கண்காட்சில குரு, சிஷ்யன் ரெண்டு பேர் படமும் இருந்துச்சு.

கேள்வி: நானும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான்க்கா. இதே மாதிரி சிவப்பு பச்சை போட்டேன், துடிக்கவே மாட்டேங்குது.

பதில்: லென்ஸ் வச்சு ஓரத்தப் பாருங்க தம்பி. ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் பக்கத்துல அடுத்த கலர் சரியா பொருந்தி உக்கார்றது, முடி அளவு விலகினாலே வெள்ளைக் கோடு விழும், கலர் மேல கலர் ஏறினா கருங்கோடு விழும், எது விழுந்தாலும் கண்ணுக்குப் பிடிச்சுக்க ஒரு கோடு கிடைச்சிடும், துடிப்பு போயிடும். என் முதல் செட் முழுசும் இப்படித்தான் வீணாச்சு, வயிறு எரிஞ்சுது. ஈரத்துல பேப்பர் விரிஞ்சிருந்துச்சு. அடுத்த தடவை ஒரு நாள் பேப்பர பிரிண்ட் பண்ற ரூம்லயே பரப்பி வச்சுட்டு அப்புறம் அடிச்சேன், ஓரம் ஒட்டி உக்காந்துச்சு.

கேள்வி: வீட்ல எங்க மாட்டலாம்?

பதில்: நேர் வெயில் படாத சுவர்ல. மஞ்ச பல்ப் வேணாம், கலரோட பேலன்ஸே மாறிடும். ஒற்றைத் தலைவலி இருக்கறவங்க வீட்ல இருந்தா துடிக்கற பிரிண்ட பெட்ரூம்ல மாட்டாதீங்க.