வில் செய்யும்போது ஒரே ஆண்டு வளையத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டுமா?

எந்த மரம் என்று நீங்கள் சொல்லவில்லை. காணொளி பார்த்த வேகத்தில் ஒரு கட்டையை வாங்கிப் போட்டுவிட்டுக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூங்கில் என்றால் கவலையே இல்லை. அதற்கு வளையம் கிடையாது, வெளித்தோலே வில்லின் முதுகு. முசுக்கொட்டை என்னும் மல்பெரி என்றால், தொடர்ந்தே ஆக வேண்டும்.

நாணை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறமுள்ள முதுகுதான் இழுபடுகிறது. அங்கே ஒரு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் கத்தி அடுத்த வளையத்துக்குள் இறங்கினால் அந்த விளிம்பில் சிராய் கிளம்பும், வில் அங்கேதான் முறியும்.

நான் பெங்களூருவாசி. ராமநகரம் பக்கம் பட்டுப்புழுவுக்காக மல்பெரியைப் புதராகவே கவாத்து செய்து வைத்திருப்பார்கள். அது வில்லுக்கு ஆகாது. வரப்போரம் மரமாக வளர்ந்திருந்த ஒன்றை வெட்டியபோது அடித்துண்டைக் கேட்டு வாங்கினேன். ஆப்பு அடித்துப் பிளந்து, முனைகளில் பெயிண்ட் பூசி உலரவிட்டேன். வெளிப்புற வெள்ளை மரத்தை நீக்கியதும் உள்ளே மஞ்சள் வைரக்கட்டை. இனிமேல்தான் வேலையே. ஒவ்வொரு வளையத்திலும் பருவத் தொடக்கத்தில் வளர்ந்த பகுதி ஊசித்துளைகளோடு இருக்கும். பிறகு வளர்ந்தது கெட்டி. சுரண்டும்போது மொறுமொறுவென்று பொடி உதிர்ந்தால் துளைப்பகுதி. அது தீர்ந்ததும் அடியில் வழுவழுவென்று மினுங்குவதுதான் நமக்கு வேண்டிய வளையம். கை அங்கே நின்றுவிட வேண்டும். கணு வந்தால் வளையம் அதைச் சுற்றி மேடாக ஏறும். அந்த மேட்டை அப்படியே விட்டுவிட வேண்டும், அழகு பார்த்துச் சமன்படுத்தக் கூடாது.

பலகையில் வில் செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மர ரேகை முனைக்கு முனை நேராக ஓடும் பலகையில் வளையத்தைத் தொடராமலே நல்ல வில் வரும், மறுக்கவில்லை. ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தில் பட்டைக்கு அடியிலுள்ள வளையமே போதும், அதுவும் தெரியும். நான் சொல்வது மல்பெரிக்கு.

சாய்வான வெளிச்சத்தில்தான் வளைய விளிம்பு கண்ணில் படும். அதற்காகக் காலை வெயிலில் மொட்டைமாடிக்குப் போனால், எங்கள் குடியிருப்போர் சங்கம் “ஆயுதம் தயாரிக்கக் கூடாது” என்று அறிவிப்பு ஒட்டியது. அதே மாடியில் பிறந்தநாள் விழாவுக்கு நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அலறலாம். என் சுரண்டல் சத்தம்தான் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதாம்!

கட்டையின் வெட்டுமுகத்தைப் படமெடுத்துப் போடுங்கள். வளையம் மெல்லியதாக இருந்தால் தொடர்வது கடினம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.