தம்பி சொன்னதை யார் எழுதி வைத்தார்கள்?

கேள்வி: எனக்கு 49 வயது. குலசேகரம் பக்கம் வீடு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வழித் தகராறில் என் தம்பியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கொன்றவன் ஆயுள் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். சந்தையில் என் கண்ணெதிரே மீன் வாங்குகிறான். சட்டம் படிக்கும் என் மகள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் தூக்குத் தண்டனை கூடாது என்று பேசப் போகிறாள். அதற்காகத் தூக்குக் கைதிகளின் கடைசி வார்த்தைகளை எங்கிருந்தோ எடுத்து, சாப்பிடும் நேரத்தில் வாசித்துக் கண்கலங்குகிறாள். 'என் தம்பி கடைசியாகச் சொன்னதை எவனாவது எழுதி வைத்தானா?' என்று கத்திவிட்டேன். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. பட்டிமன்ற நடுவர் கேட்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் மகள் வாசிப்பது அமெரிக்காவில் டெக்சாஸ் சிறைத்துறை வெளியிடும் தொகுப்பாகத்தான் இருக்கும். 1982-லிருந்து அங்கே மரண தண்டனைக்கு உள்ளானவர்கள் கடைசியாகச் சொன்னது அதில் இருக்கிறது. ஒன்றும் சொல்ல விரும்பாதவர் என்றால் அதையும் குறித்திருப்பார்கள். நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், பிள்ளைகளை நினைக்கிறார்கள், கடவுளைக் கூப்பிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வாசித்தால் கல்லும் கரையும். அப்புறம் கைதியின் விவரத்தாளைத் திறந்தேன். அவருடைய உயரம், எடை, படிப்பு, கண்ணின் நிறம் வரை எழுதியிருந்தது. கொலையானவருக்கென்று இருந்த கட்டத்தில் இரண்டே விவரம்: என்ன இனம், ஆணா பெண்ணா. உங்களைக் கத்த வைத்தது அந்தக் கட்டம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, என் கட்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் தூக்கு வேண்டாம் என்கிற ஆள்தான். ஆனால் கடைசி வார்த்தையைக் கேட்டு மனம் மாறியவன் இல்லை. சாகப்போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நாம் நம்புகிறோம். தூக்கு மேடையில் 'நான் செய்யவில்லை' என்றவர்களில் செய்தவனும் உண்டு, செய்யாதவனும் உண்டு. கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்.

லண்டனில் திமோத்தி எவான்ஸ் என்பவரை, பெற்ற மகளைக் கொன்றார் என்று 1950-ல் தூக்கில் போட்டார்கள். அதே கட்டடத்தில் குடியிருந்த கிறிஸ்டிதான் செய்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கிறிஸ்டியோ வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி! யார் நம்புவார்கள்? மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து பெண்களின் உடல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கிறிஸ்டியும் தூக்கில் தொங்கினான். எவான்ஸுக்கு 1966-ல் மன்னிப்பு வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நான் பயப்படுவது இதற்குத்தான்.

அப்புறம், டெக்சாஸ் வரைக்கும் போன பெண் பத்மநாபபுரம் வரைக்கும் வந்தாளா என்று கேளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானம்; அதன் பழைய தலைநகர்தான் பத்மநாபபுரம். அந்தத் திருவிதாங்கூர், கொலைக்குத் தூக்கு என்பதை 1944-லேயே எடுத்துவிட்டது. இந்தியாவோடு சேர்ந்து இந்தியச் சட்டம் வந்தபோது தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பிய பிறகு வந்த ஐந்து வருஷத்தில் 967. பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் எதிரணி கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்.

என் பாட்டி சொன்ன கதை ஒன்றும் உண்டு. மகாராஜா கடைசி நேரத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தனுப்புவாராம். கயிறு இறுகிய பிறகு போய்ச் சேரும்படி பார்த்துத்தான் ஆளை அனுப்புவாராம். ராஜா மன்னித்தாயிற்று, பாவம் ஆராச்சார் தலையில். தூக்குப் போடுகிறவரை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கதைதான். ஆனாலும் சாகச் சொன்னவருக்கே கை நடுங்கியிருக்கிறது என்பது அதில் தெரிகிறது.

இதெல்லாம் உங்கள் மகளுக்கு. இந்தக் கணக்கும் கதையும் உங்களுக்கு ஆறுதல் தராது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 'அரிதிலும் அரிதான' வழக்குக்குத்தான் தூக்கு என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. வழித் தகராறுக் கொலைக்குப் பெரும்பாலும் ஆயுள்தான் கிடைக்கும். ஆகவே மகள் எந்தப் பக்கம் பேசினாலும் உங்கள் தம்பி வழக்கில் எதுவும் மாறியிருக்காது. அவள் அந்தக் கொலைகாரனுக்காகப் பேசவில்லை. உங்களை அறுப்பது அவள் வாசிப்பதுமல்ல, அவன் சந்தையில் மீன் வாங்குவது. அதை அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? தம்பி போனபோது அவளுக்கு இரண்டு வயது இருந்திருக்கும். மாமா என்றால் அவளுக்குச் சுவரில் மாலை போட்ட ஒரு படம்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், தம்பி அன்றைக்கு வாசலில் நின்று சொன்னதை ஒரு வரியாக எழுதி, 'இதை யாரிடமும் சொன்னதில்லை' என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். அந்த வரியை நான் அச்சில் போடவில்லை. ரப்பர் ஷீட்டும் சாயாவும் அதில் வருகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இது கடைசி என்று தெரிந்து யோசித்துப் பேசியவர்களின் வார்த்தைகள்தான் மகளிடம் இருக்கின்றன. தெரியாமல் சொல்லிவிட்டுப் போனவனின் வார்த்தை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு சாயந்தரம் இரண்டு கிளாஸ் சாயாவோடு அவள் மேசைக்குப் போங்கள். 'மக்களே, உன் மாமா கடைசியாகச் சொன்னதைச் சொல்லவா' என்று ஆரம்பியுங்கள். தூக்கு சரியா தப்பா என்று அன்றைக்கு வாதாட வேண்டாம். பட்டிமன்றத்தில் அவள் தன் பக்கமே பேசட்டும். மாமாவின் வரியை மேடையில் சொல்லட்டுமா என்று அவள் கேட்கக்கூடும். உங்களுக்கு மனசில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.