தேர் ஏன் முதலில் அசைய மறுக்கிறது? விசை, நிலைமம், சமநிலை: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷம் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். திருவிழா முடிந்த கையோடு கேள்வி கேட்கச் சொன்னதாலோ என்னவோ, பாதிக் கேள்வி தேரைப் பற்றியே வந்திருக்கிறது.

தேவகோட்டை மாணவி: பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். நம்மைத் தள்ளும் விசை எது சார்?

எதுவும் தள்ளவில்லையம்மா. பஸ் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நீயும் அதே வேகத்தில்தான் போகிறாய். பிரேக் பஸ்ஸைப் பிடித்தது, உன்னைப் பிடிக்கவில்லை. பஸ்ஸின் தரை உராய்வால் உன் பாதத்தை நிறுத்தியது. மேல் உடம்பு பழைய வேகத்திலேயே போனது. இருக்கும் வேகத்திலேயே தொடரும் இந்த இயல்புதான் நிலைமம். அது ஒரு விசை அல்ல. ‘நிலைம விசை தள்ளியது’ என்று விடைத்தாளில் எழுதியவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: அத்தனை பேர் இழுத்தும் தேர் முதலில் அசையவில்லை. கிளம்பியபின் சுலபமாக வருகிறது. ஓடும்போது நிலைமம் குறைந்துவிடுமா?

குறையாது ஆச்சி. நிலைமம் நிறையை, அதாவது பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேர் நின்றாலும் ஓடினாலும் நிறை ஒன்றுதான். குறைவது தடை. நிற்கும் தேரின் சக்கரம் மண்ணில் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அச்சிலும் உராய்வு அதிகம்.

கணக்குக்காக 10 டன் தேர் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பவர் 100 பேர், ஆளுக்கு 200 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு). 20 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கிற பலம் அது. மொத்தம் 20,000. தடையும் அதுவரை ஈடுகொடுத்தால் தேர் நகராது. இன்னும் பத்துப் பேர் வடத்தைப் பிடித்தால் 22,000, அசைந்துவிடும். உருண்டதும் தடை 12,000 ஆக இறங்குகிறது என்றால் மிச்சம் 10,000 நியூட்டன். அது 10,000 கிலோ தேரின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டும். அப்படியே விட்டால் ஐந்தாவது நொடியில் எல்லோரும் ஓட வேண்டியதுதான். அதனால் நம்மை அறியாமலே பிடியைத் தளர்த்துகிறோம்.

இழுப்பும் 12,000, தடையும் 12,000 என்று ஆனபின் தேர் சீராக வருகிறது. அப்போது இரண்டும் கழிந்து மிஞ்சும் நிகர விசை சுழியம். அதைத்தான் சமநிலை என்கிறோம். நகர்ந்துகொண்டிருக்கும் தேரும் சமநிலையில்தான் இருக்கிறது! நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நம்பினார்கள். கலிலியோ அதை அசைத்தார். நிகர விசை இல்லாவிட்டால் வேகம் மாறாது என்று நியூட்டன் 1687-ல் விதியாகவே எழுதிவிட்டார். விசை வேண்டியது வேகத்தை மாற்றுவதற்கும், தடையை ஈடுகட்டுவதற்கும். இந்த நிலைமத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பவர்கள், தேரை நிறுத்தச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். என் மரியாதை முழுக்க அவர்களுக்கே.

பள்ளத்தூர் கல்லூரி மாணவர்: நாம் தேரை இழுக்கும் அதே அளவு தேரும் நம்மை இழுக்கிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டும் கழிந்துபோனால் தேர் எப்படி நகரும்?

நல்ல கேள்வி தம்பி, வருஷத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அந்த இரண்டும் வெவ்வேறு பொருள்மேல் செயல்படுகின்றன. உங்கள் கணக்கில் இருப்பதை எதிர்வீட்டுக்காரர் கடனில் கழிக்க முடியுமா? தேர் நகருமா என்று பார்க்கத் தேரின்மேல் உள்ள விசைகளை மட்டும் கூட்டுங்கள்: முன்னால் வடத்தின் இழுப்பு, பின்னால் தடை. நம்மைத் தேர் பின்னால் இழுத்தாலும், நாம் காலால் தரையைப் பின்னுக்கு உதைக்கிறோம், தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. மழை பெய்து தெரு சேறானால் வடம் பிடிப்பவர்கள் வழுக்குவது ஏன் என்று இப்போது புரியும்.

காரைக்குடி வியாபாரி: நிறையும் எடையும் ஒன்றுதானே?

கடையில் ஒன்றுதான். பாடத்தில் 50 கிலோ அரிசி என்பது நிறை; அதன் எடை சுமார் 490 நியூட்டன். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது.

பெயர் சொல்லாத ஒருவர்: எங்கள் அப்பத்தா வீட்டு ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறதே, அது சமநிலையா?

இல்லை. சுழியமாவது வேகம் மட்டும். விசை சுழியமானால் ஊஞ்சல் அங்கேயே நின்றிருக்குமே, ஏன் திரும்புகிறது? சரி, அடியில் கடக்கும்போது? அதுவும் இல்லை. வளைந்த பாதையில் திருப்ப, சங்கிலி எடையைவிட அதிகமாக மேலே இழுத்தாக வேண்டும். செங்குத்திலிருந்து 60 பாகை வரை வீசி ஆடினால், அடியில் சங்கிலிகள் தாங்குவது உங்கள் எடையைப்போல இரண்டு மடங்கு. பழைய வீட்டு ஊஞ்சல் என்றால் உத்திரத்துக் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடுங்கள்.